‘ஒரு தடவை ஏத்திட்டா பயம் போயிடும்’ என்பவர்களுக்கு



நீளமான பதிவு. பாதியில் விட்டுவிட்டு ‘அருமை டீச்சர்’ என்று எழுதுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். 33 வருடம் விடைத்தாள் திருத்தியவள் நான். பாடத்தைப் படித்தவள் யார், கடைசிப் பத்தியை மட்டும் பார்த்துவிட்டு எழுதியவள் யார் என்று முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவேன். ஆகவே முழுதும் படியுங்கள்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூடிய இடத்தைக் கண்டு பயப்படுகிற ஒருவரை, அது குழந்தையானாலும் சரி, அறுபது வயது அத்தையானாலும் சரி, கையைப் பிடித்து இழுத்தோ கேலி செய்தோ ஏமாற்றியோ ஒரு ரைடில் ஏற்றுவது வன்முறை. வேடிக்கை என்றும், பழக்கிவிடுவது என்றும், தைரியம் ஊட்டுவது என்றும் நீங்கள் எந்தப் பெயர் வைத்தாலும் அதன் பெயர் அதுதான். கோடை விடுமுறை வருகிறது. குடும்பம் குடும்பமாக வேன் பேசப் போகிறீர்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் பேசிவிடுவோம்.

ஏன் இப்போது இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். பொங்கல் விடுமுறையில் எங்கள் சொந்தத்தில் 22 பேர் ஒரு வாட்டர் பார்க்குக்குப் போனார்கள். எந்த ஊர், எந்தப் பார்க் என்பது வேண்டாம். என் தங்கையின் பேத்தி ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். வகுப்பில் முதல் ஆளாகக் கை தூக்குகிற பிள்ளை. அங்கே மூடிய குழாய்ச் சறுக்கு ஒன்று. படியேறி மேலே போய் அந்த இருட்டு வாயைப் பார்த்ததும் “எனக்கு வேண்டாம்” என்றிருக்கிறாள். மூன்று முறை சொல்லியிருக்கிறாள். பின்னால் வரிசை நின்றது. “கண்ணை மூடிக்கோ, ஒண்ணும் ஆகாது” என்று சொல்லி ஒரு பெரிய மனிதர் அவளைத் தூக்கி மிதவையில் தன் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு இறங்கிவிட்டார். கீழே அவள் விக்கி விக்கி அழுதுகொண்டு வெளியே வருவதை இன்னொரு பெரிய மனிதர் செல்போனில் படம் எடுத்தார். அன்று மாலை குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அந்த வீடியோவுக்குக் கீழே சிரிப்பு பொம்மைகளாக வரிசை கட்டி நின்றன. நானும் அந்தக் குரூப்பில்தான் இருக்கிறேன். “இதை உடனே அழியுங்கள்” என்று எழுதினேன். “ஆச்சிக்கு எல்லாத்துலயும் பாடம் நடத்தணும்” என்று பதில் வந்தது. சரி, நடத்துகிறேன்.

அந்தப் பிள்ளையின் வீடு ஆறாவது மாடியில். அன்றிலிருந்து லிஃப்டில் கால் வைக்க மாட்டேன் என்கிறாள். புத்தகப் பையோடு ஆறு மாடியும் படிதான். அது கூடப் பரவாயில்லை. இரண்டு வாரம் கழித்து அவள் அம்மா எனக்குப் போன் செய்தாள். “பெரியம்மா, பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுற தண்ணி பாட்டில் போனபடியே திரும்பி வருது” என்றாள். விசாரித்தால், பள்ளிக் கழிவறையின் தாழ்ப்பாளைப் போட அவளுக்குப் பயம். தாழ்ப்பாள் போடாமல் போக வெட்கம். அதனால் போவதே இல்லை. போகக் கூடாது என்பதற்காகத் தண்ணீர் குடிப்பதும் இல்லை. காலை எட்டு மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை. குரூப்பில் சிரித்தவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

இதற்குக் குடும்பத்தார் கண்டுபிடித்த வைத்தியம் என்ன தெரியுமா? “மே மாசம் மறுபடி கூட்டிட்டுப் போய் அதே சறுக்குல ரெண்டு தடவை விட்டா சரியாயிடும்.” அதற்கும் கட்டைவிரல் உயர்த்திப் பதினொரு பேர் ஒப்புதல் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பதினொரு பேருக்காகவும், அவர்களைப் போல ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறவர்களுக்காகவும்தான் இந்தப் பதிவு.

முதலில் இது என்ன பயம் என்று பார்ப்போம். கிளாஸ்ட்ரோஃபோபியா என்ற பெயரைப் பலர் கேட்டிருப்பீர்கள். அடைக்கப்பட்ட இடம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லும், பயம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லும் சேர்ந்தது. பாரிஸில் பணியாற்றிய பெஞ்சமின் பால் என்ற மனநல மருத்துவர் 1879-இல் இந்தப் பெயரை வைத்தார். ‘இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குச் செல்லம் ஜாஸ்தி, அதான் புதுப்புது பயம்’ என்று சொல்கிறவர்கள் அந்த வருடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் தாத்தாவின் தாத்தா காலத்திலேயே இதற்கு மருத்துவப் பெயர் இருந்தது.

இன்னொரு வருடம் 1993. கனடாவில் பணியாற்றிய ரேச்மன், டெய்லர் என்ற இரண்டு உளவியலாளர்கள் இந்தப் பயத்தை ஆராய்ந்து, இதற்குள் இரண்டு பயங்கள் இருக்கின்றன என்று காட்டினார்கள். ஒன்று, மூச்சு முட்டிவிடும் என்ற பயம். மற்றொன்று, அசைய முடியாமல், வெளியேற முடியாமல் மாட்டிக்கொள்வோம் என்ற பயம். சிலருக்கு முதலாவது அதிகம், சிலருக்கு இரண்டாவது அதிகம், சிலருக்கு இரண்டும். தீம் பார்க்குக்குப் போகிறவர்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பயம் வந்தவுடன் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை என்னிடம் விலங்கியல் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. மூச்சு வேகமெடுக்கிறது. தேவைக்கு மேல் வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் உள்ள கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறிக் குறைகிறது. அதனால் தலை சுற்றுகிறது, விரல் நுனியும் உதட்டைச் சுற்றிய இடமும் மரத்துப்போகின்றன, நெஞ்சு இறுகுகிறது. காற்று நிறைய இருக்கும்போதே காற்று இல்லாதது போலத் தோன்றுகிறது. ‘நடிக்கிறா’ என்று நீங்கள் சொல்கிற அந்தப் பிள்ளையின் உடம்பில் இத்தனையும் உண்மையாக நடந்துகொண்டிருக்கிறது. நாடித்துடிப்பை நடிக்க யாராலும் முடியாது.

இனி ரைடுக்கு வருவோம். லிஃப்ட், இருட்டறை, கூட்டமான பஸ் எல்லாவற்றிலும் இல்லாத ஒன்று ரைடில் இருக்கிறது. தோள் வழியாக இறங்கி மார்பை அழுத்துகிற தடுப்பும், மடியை அழுத்துகிற கம்பியும் பயணி தானே திறக்க முடியாதபடி பூட்டிக்கொள்ளும். அப்படித்தான் இருக்க வேண்டும். நடுவழியில் ஒருவர் பதறித் திறந்துவிட்டால் உயிர் போய்விடும். பொறியியல் கணக்கில் அந்தப் பூட்டுதான் பாதுகாப்பு. ஆனால் அடைபடுவதற்குப் பயப்படுகிறவருக்கு அந்தப் பூட்டு விழுகிற ‘கிளிக்’ சத்தம்தான் எல்லாவற்றிலும் கொடுமையான கணம். ‘ரொம்ப சேஃப்டி, லாக் போட்டுடுவாங்க’ என்று நீங்கள் ஆறுதலாகச் சொல்கிற வாக்கியமே அவரைக் கொல்கிறது.

பழைய திருவிழா ராட்டினத்தை நினைத்துப் பாருங்கள். நான்கு மரத்தொட்டிகள், கையால் தள்ளிச் சுற்றுகிற ஓர் ஆள். மேலே போன குழந்தை வீறிட்டு அழுதால் ராட்டினக்காரர் கையைக் கொடுத்து நிறுத்துவார், இறக்கிவிடுவார், சில நேரம் காசைக் கூடத் திருப்பிக் கொடுப்பார். அந்த ராட்டினத்தில் அழுகைக்குக் காது இருந்தது. இன்றைய இயந்திரத்தில் புறப்பட்டுவிட்டால் முடிகிறவரை போய்த்தான் ஆக வேண்டும். குழாய்ச் சறுக்கில் பாதியில் நிறுத்த வழியே கிடையாது. எனவே, ‘வேண்டாம்’ என்பதைக் கேட்டுக்கொள்ளக் கடைசி இடம் ஏறுகிற மேடைதான். அந்த இடத்தில் கேட்காவிட்டால் பிறகு கேட்பதற்கு யாரும் இல்லை. அதனால்தான் அந்த மேடையில் சொல்லப்படுகிற ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்லுக்கு இவ்வளவு மரியாதை தரச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் வாதம்: ஒரு தடவை ஏத்திட்டா பயம் போயிடும்.

போகாது. காரணம் சொல்கிறேன். பயத்தை எதிர்கொண்டு குறைக்கிற சிகிச்சை உண்மையிலேயே உண்டு. 1924-இல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண் உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். பீட்டர் என்று அவர் குறிப்பிடும் சுமார் மூன்று வயதுச் சிறுவனுக்கு முயல் என்றால் பயம். அவர் என்ன செய்தார்? முயலைத் தூக்கி அவன் மடியில் போட்டுவிட்டுப் படம் எடுக்கவில்லை. அவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கூண்டில் அடைத்த முயலைத் தூரத்தில் வைத்தார். அவன் தாங்குகிற அளவுக்கு மட்டும், நாளடைவில் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். கடைசியில் அவனே முயலைத் தடவிக் கொடுத்தான். பின்னர் 1958-இல் ஜோசப் வோல்பி என்ற தென்னாப்பிரிக்க மருத்துவர் இந்தப் படிப்படியான முறையை விரிவாக வகுத்து நூலாக எழுதினார். இன்றும் சிகிச்சையின் அடிப்படை இதுதான்: பயப்படுகிறவரின் சம்மதம், சிறு சிறு படிகள், ஒவ்வொரு படியிலும் பயம் தானாக இறங்கும்வரை பொறுமை.

ரைடில் இந்த மூன்றில் எது இருக்கிறது? சம்மதம் இல்லை. படிகள் இல்லை, நேராக உச்சாணிக் கொம்பு. பொறுமையும் இல்லை. பெரும்பாலான ரைடுகள் சில நிமிடங்களில் முடிந்துவிடும். குழாய்ச் சறுக்கு ஒரு நிமிடம் கூட வராது. அதாவது பயம் உச்சத்தில் இருக்கும்போதே வெளியே வந்து விழுகிறாள். அவள் மூளை என்ன பாடம் படிக்கும்? ‘உள்ளே இருந்தேன், ஒன்றும் ஆகவில்லை’ என்று படிக்காது. ‘செத்துப்போகத் தெரிந்தேன், எப்படியோ தப்பித்தேன், இனி அந்தப் பக்கம் போகாதே’ என்றுதான் படிக்கும். கூடவே இன்னொரு பாடமும் படிக்கும்: ‘நான் வேண்டாம் என்று சொன்னாலும் இவர்கள் கேட்க மாட்டார்கள்.’ இரண்டாவது பாடம் முதலாவதை விட ஆபத்தானது. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் வாதம்: எங்களை எல்லாம் கிணத்துல தூக்கிப் போட்டுத்தான் நீச்சல் கத்துக்கொடுத்தாங்க.

இதை எங்கள் வீட்டிலேயே நூறு முறை கேட்டிருக்கிறேன். கொஞ்சம் நிதானமாக நினைவுபடுத்திப் பாருங்கள். இடுப்பில் கயிறு கட்டியிருந்ததா இல்லையா? முதுகில் சுரைக்குடுக்கையோ, கைக்கு வாழைத்தண்டோ கொடுத்தார்களா இல்லையா? கீழே தண்ணீரில் மாமாவோ அண்ணனோ கையை நீட்டிக்கொண்டு நின்றார்களா இல்லையா? முதலில் கடைசிப் படியில் உட்கார்ந்து கால் நனைத்தீர்களா இல்லையா? இவ்வளவையும் மறந்துவிட்டு ‘தூக்கிப் போட்டார்கள்’ என்பது மட்டும் நினைவில் இருக்கிறது. உண்மையிலேயே எதுவும் இல்லாமல் தூக்கிப் போடப்பட்டவர்களும் உண்டு. அவர்களில் நீச்சல் கற்றவர்கள் மட்டும்தான் மீசையை முறுக்கிக்கொண்டு கதை சொல்கிறார்கள். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுதும் கிணற்று மேட்டுக்கே போகாதவர்கள் கதை சொல்ல வருவதில்லை. எனக்கு அப்படிப்பட்ட நாலு பேரைத் தெரியும். இரண்டு பேர் நம் குரூப்பிலேயே இருக்கிறார்கள்.

மூன்றாம் வாதம்: ஆயிரக்கணக்குல டிக்கெட் எடுத்திருக்கு.

டிக்கெட் பணம் வாசலிலேயே போய்விட்டது. பிள்ளை ஏறினாலும் அது திரும்பி வராது, ஏறாவிட்டாலும் கூடுதலாகப் போகாது. பணம் கொடுத்ததற்காக ஒருவரை அழ வைப்பது, புளித்துப்போன இட்லியைக் காசு கொடுத்து வாங்கியதற்காகச் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்வது போன்றது. அலைக்குளம் இருக்கிறது, திறந்த சறுக்கு இருக்கிறது, குட்டி ரயில் இருக்கிறது. நாள் முழுதும் அவள் அங்கே சந்தோஷமாக இருந்திருப்பாள்.

நான்காம் வாதம்: மற்ற பிள்ளைங்க எல்லாம் ஏறுதே.

மற்ற பிள்ளைகளுக்கு அந்தப் பயம் இல்லை, அதனால் ஏறுகிறார்கள். பயம் இல்லாதவன் ஏறுவதில் தைரியத்துக்கு வேலையே இல்லை. இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் வரிசை முணுமுணுக்க, ‘எனக்கு வேண்டாம்’ என்று மூன்று முறை சொல்வதற்குத்தான் தைரியம் வேண்டும். அந்த மேடையில் தைரியசாலியாக இருந்தவள் ஒருத்திதான். அவளைத்தான் ‘பயந்தாங்கொள்ளி’ என்றீர்கள்.

இந்தக் கேலி நம் ஊருக்கு மட்டும் உரியது என்று நினைக்காதீர்கள். அமெரிக்கப் பூங்காக்களில் ஏறுகிற இடத்துக்கு அருகே மனம் மாறியவர்கள் வெளியேற ஒரு வழி விட்டிருப்பார்கள். மிக நல்ல ஏற்பாடு. அதற்கு மக்கள் வைத்திருக்கும் பெயர் ‘சிக்கன் எக்ஸிட்’, அதாவது கோழைகளின் வாசல். வழியையும் வைத்துவிட்டு, அதில் போகிறவரைக் கூச வைக்கிற பெயரையும் வைத்துவிட்டார்கள். பாதிப் பேர் அந்தப் பெயருக்குப் பயந்தே ரைடில் ஏறுவார்கள் போல.

சரி, இந்தப் பயம் உள்ளவர்கள் எதிலுமே ஏறக் கூடாதா? அப்படி நான் சொல்லவே இல்லை. ‘ஆசையாக இருக்கிறது, ஆனால் பயமாகவும் இருக்கிறது’ என்று என்னிடம் சொல்கிற மாணவிகள் இருக்கிறார்கள். முடிவு அவர்களுடையதாக இருக்கும்வரை எவ்வளவோ செய்யலாம். அவர்களுக்காக இந்தப் பகுதி.

உங்கள் பயம் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மூச்சு முட்டும் பயம் என்றால், மேலே பறக்கிற திறந்த ரோலர் கோஸ்டர் உங்களுக்கு ஒன்றும் செய்யாமல் போகலாம். காற்று முகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். ஆனால் கதவு மூடுகிற சின்னக் கூண்டோ, இருட்டு அறையில் நெருக்கி நிற்க வைக்கிற காட்சியோ தாங்காது. அடைபடும் பயம் என்றால் நேர்மாறாக இருக்கலாம். இருட்டு பரவாயில்லை, தோள் தடுப்புதான் ஆகாது. அப்படிப்பட்டவர்கள் மடிக்கம்பி மட்டும் உள்ள ரைடுகளைப் பார்க்கலாம். ‘சின்னப் பிள்ளைகளுக்கான ரைடு, மெதுவாகத்தான் போகும்’ என்று யாராவது சொன்னால் அதை மட்டும் நம்பாதீர்கள். மெதுவாகப் போவது வேறு, மூடியிருப்பது வேறு.

இதற்கு நல்ல உதாரணம் புளோரிடாவில் டிஸ்னியின் எப்காட் பூங்காவில் 2003-இல் திறந்த மிஷன் ஸ்பேஸ். விண்கலம் போன்ற சிறு கூண்டில் நான்கு பேர். கதவு மூடியதும் திரையும் பொத்தான்களும் முகத்துக்கு அருகே வந்துவிடும். முதலில் இருந்தது வேகமாகச் சுழல்கிற வகை. பலருக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வந்ததால், பின்னர் சுழலாத ‘பச்சை’ வகையையும் சேர்த்தார்கள். தலைசுற்றல் உள்ளவர்களுக்கு அது வரம். ஆனால் பச்சையிலும் கூண்டு அதே கூண்டுதான். மூடிய இடத்துக்குப் பயப்படுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். ‘மைல்டு’ என்ற சொல்லைக் கேட்டு ஏமாறக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்து, முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். எவ்வளவு நேரம், எவ்வளவு இருட்டு, எந்த இடத்தில் நிற்கும், எந்தப் பக்கம் வெளியேறலாம் என்று ஊழியரிடம் கேட்பதில் வெட்கம் வேண்டாம். கலிபோர்னியா டிஸ்னிலேண்டில் 1969-இல் திறந்த ஹான்டட் மேன்ஷன் என்ற பேய் மாளிகை இருக்கிறது. அங்கே இருக்கிற மாணவிகள் பார்த்திருப்பீர்கள். கூட்டத்தை ஒரு சிறு அறைக்குள் விட்டுக் கதவை மூடுவார்கள். பிறகு கதவு இருந்த இடமே தெரியாது, சுவர்கள் நீண்டுகொண்டே போகும். உண்மையில் அது ஒரு லிஃப்ட். பூங்காவைச் சுற்றி ஓடும் ரயில் பாதைக்கு அடியில் கூட்டத்தைக் கொண்டுபோவதற்காகக் கீழே இறங்குகிறது, அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போகிறவருக்கும் தெரியாமல் போகிறவருக்கும் எவ்வளவு வித்தியாசம்! ‘சஸ்பென்ஸ் போயிடும்’ என்று விவரத்தை மறைக்கிறவர்களிடம், சஸ்பென்ஸ் உங்களுக்கு இருக்கட்டும், எனக்கு விவரம் வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஏறுவதற்கு முன் வெளியே வருகிற இடத்தில் நின்று இரண்டு மூன்று சுற்றுகளைப் பாருங்கள், கடிகாரத்தில் நேரத்தையும் பாருங்கள். கூட்டம் குறைந்த வார நாளில், காலையிலேயே போங்கள். பலருக்கு ரைடை விட, தகரக் கூரைக்கு அடியில் முன்னும் பின்னும் நகர முடியாத வரிசைதான் பெரிய சோதனை. வரிசையில் ஓரமாக நில்லுங்கள். இருக்கையில் ஓரத்து இடத்தைக் கேட்டு வாங்குங்கள். கூட வருகிறவரிடம் முன்பே ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: நான் ‘வேண்டாம்’ என்றால் காரணம் கேட்கக் கூடாது, இருவரும் வெளியே வந்துவிட வேண்டும். அதை மதிக்காத ஆளோடு போகாதீர்கள்.

பதற்றம் ஏறினால் மூச்சை உள்ளே இழுப்பதில் கவனம் வைக்காமல், வெளியே விடுவதில் வையுங்கள். சூடான காபியை ஊதுகிற மாதிரி, மெல்ல, நீளமாக. உள்ளே இழுக்க மூன்று எண்ணினால் வெளியே விட ஆறு எண்ணுங்கள். குறைந்துபோன கார்பன் டை ஆக்சைடு மீண்டும் சமநிலைக்கு வரும், விரல் மரப்பு குறையும். சினிமாவில் காட்டுகிற மாதிரி காகிதப் பைக்குள் மூச்சு விடுவது வேண்டாம், ஆக்ஸிஜன் குறைந்து ஆபத்தாகலாம். கண்ணை இறுக்கி மூடாமல் தூரத்தில் ஏதாவது ஒன்றைப் பாருங்கள். பதற்றம் சில நிமிடங்களில் உச்சம் தொட்டுத் தானே இறங்கும். அது எப்போதுமே இறங்கியிருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

என் அனுபவம் ஒன்று. முதுகுவலிக்காக எனக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். அந்தக் குழாய்க்குள் போகப் பயந்து எழுந்து வந்துவிடுகிறவர்கள் உலகம் முழுதும் உண்டு. எனக்கும் நெஞ்சு படபடத்தது. அங்கிருந்த பெண் என் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தாள். “அம்மா, முடியலைன்னா இதை அழுத்துங்க, உடனே வெளியே எடுத்துடுறேன்” என்றாள். அரை மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருந்தேன். ஒரு முறை கூட அழுத்தவில்லை. பந்து கையில் இருந்ததுதான் காரணம். வெளியேறும் உரிமை கையில் இருந்தால் உள்ளே இருக்க முடிகிறது. அது பிடுங்கப்பட்டால் ஒரு நிமிடம் கூட முடிவதில்லை. நோயைக் கண்டுபிடிக்க அவசியமான ஒரு ஸ்கேனுக்கே சம்மதம் கேட்டுக் கையில் பந்து கொடுக்கிறார்கள். எந்த அவசியமும் இல்லாத ஒரு சறுக்குக்கு நீங்கள் கையைப் பிடித்து இழுக்கிறீர்கள்.

லிஃப்ட், கழிவறை, வகுப்பறை வரை பயம் பரவிவிட்டால் அதற்கு வீட்டு வைத்தியம் போதாது. உளவியலாளரிடம் அழைத்துப் போங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது: கழிவறைக் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் சாத்தி, வெளியே அம்மா நின்று பேசிக்கொண்டிருப்பது. அது பழகியதும் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டு எடுப்பது. பிறகு பத்து எண்ணும்வரை போடுவது. எந்தப் படியில் எத்தனை நாள் என்பதை அந்தப் பிள்ளைதான் சொல்ல வேண்டும்.

பள்ளிகளில் வேலை பார்க்கிற என் மாணவிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எங்கள் காலத்தில் சுற்றுலா என்றால் கன்னியாகுமரி, திற்பரப்பு, தேக்கடி. 2000-இல் கொச்சியில் வீகாலேண்ட், இப்போதைய வொண்டர்லா, திறந்ததிலிருந்து பிள்ளைகளின் ஆசை அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. ஆசைப்படட்டும், தாராளமாகக் கூட்டிப் போங்கள். ஆனால் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17ஆம் பிரிவு, குழந்தைக்கு உடல் தண்டனை மட்டுமல்லாமல் மன ரீதியான துன்புறுத்தலும் கூடாது என்கிறது. அந்தச் சட்டத்தின் உணர்வு பள்ளிச் சுவருக்குள் மட்டும் நின்றுவிடக் கூடாது. புறப்படும் முன்பே, எந்த ரைடும் கட்டாயம் இல்லை என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள். ‘யாருக்கெல்லாம் பயம்? கை தூக்கு’ என்று கூட்டத்தில் கேட்காதீர்கள், ஒரு கையும் எழாது. ஏறாத பிள்ளைகளோடு ஓர் ஆசிரியர் கீழே இருக்க வேண்டும், தண்டனை போல மூலையில் உட்கார வைக்காமல் வேறு எதையாவது காட்ட வேண்டும். ‘இருட்டு ரூம்ல போட்டுப் பூட்டிடுவேன்’ என்று பிள்ளைகளை மிரட்டுகிற பழக்கம் வீட்டிலும் பள்ளியிலும் இன்றோடு ஒழியட்டும்.

பூங்கா நடத்துகிறவர்கள் யாராவது என் மாணவர்களின் நட்பு வட்டத்தில் இருந்தால் அவர்களுக்கும் இது போகட்டும். உயரம் இத்தனை சென்டிமீட்டர், இதய நோயாளிகள் கூடாது, கர்ப்பிணிகள் கூடாது என்று பலகை வைக்கிறீர்கள். நல்லது. அதிலேயே இன்னும் மூன்று வரி எழுதுங்கள்: மூடியதா திறந்ததா, இருட்டா வெளிச்சமா, எத்தனை நிமிடம். மேடையில் நிற்கிற ஊழியருக்கு ஓர் அதிகாரமும் கொடுங்கள். ஒரு பிள்ளை ‘வேண்டாம்’ என்றால், அதன் அப்பாவே தூக்கிக்கொண்டு வந்தாலும், ஏற்ற மாட்டேன் என்று சொல்கிற அதிகாரம்.

கடைசியாக, எல்லோருக்கும். ஒவ்வொரு குடும்பச் சுற்றுலாவிலும் ஒருவர் இருப்பார். ரைடு வாசல் வந்ததும் “நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க, நான் பையைப் பார்த்துக்கறேன்” என்பார். அத்தையாக இருக்கும், சித்தப்பாவாக இருக்கும், சில நேரம் வீட்டிலேயே அதிகம் சத்தம் போடுகிற பெரியப்பாவாகக் கூட இருக்கும். அவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே பைக்காக உட்கார்ந்தார்கள், எத்தனை பேர் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு பைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள் என்று யாரும் கேட்டதில்லை. பெரியவர்களுக்குப் பை இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தச் சாக்கும் இல்லை.

இந்த மே மாதம் பையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் முன்வந்தால் இழுக்காதீர்கள், சிரிக்காதீர்கள், செல்போனை எடுக்காதீர்கள். ஒரு மோர் வாங்கிக் கொடுத்துவிட்டு நீங்கள் போய் ஏறுங்கள். பையோடு கொஞ்ச நேரம் உட்கார விரும்புகிற பிள்ளை இருந்தால், அவளுக்கும் சேர்த்து இரண்டு மோர்.

இதைப் படித்து எரிச்சல் வந்தவர்கள் என்னிடம் வாதாடலாம். கமெண்ட் திறந்துதான் இருக்கிறது. தவறான விடைக்கு வழக்கம்போல மதிப்பெண் கிடையாது.

அன்புடன்,
உங்கள் விலங்கியல் டீச்சர்